அரசன் எண்ணிய ஐந்து பயங்கள்

1991 ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல், வேதாரண்யம் வட்டத்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த என் சித்தப்பாவை, ஜீப்பில் வந்த சிலர் விசாரணைக்கு என்று சொல்லி அழைத்துச் சென்றார்கள். கடையின் வாடகை நோட்டையும் எடுத்துச் சென்றார்கள். யார் எந்த வண்டியை எடுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தார், எத்தனை மணிக்கு விட்டார், பாக்கி எவ்வளவு என்று மூன்று ஆண்டுகளாக அவர் தம் கையால் எழுதி வந்த நீள நோட்டு அது. ஐந்து நாள் கழித்து, விடிவதற்கு முன்பு, பேருந்து நிலையத்தில் இறக்கிவிடப்பட்டு வீட்டுக்கு நடந்து வந்தார். எங்கே வைத்திருந்தார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை. அடித்தார்களா என்று சித்தி கேட்டதற்கு அவர் கடைசி வரை பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, தெருவுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்போது நான் சட்டக் கல்லூரி மாணவன். இன்று திருவாரூரில் முப்பது ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். அந்த ஐந்து நாட்களைப் பற்றி எழுத இத்தனை காலம் தயங்கியதற்குக் காரணம் உண்டு. வந்தவர்கள் வீணாக வரவில்லை. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், அவரைச் சுற்றிப் பணியில் நின்ற காவலர்களும், மாலை போட வந்த கட்சிக்காரர்களும் சிதறிப் போனார்கள். கொலையாளிகள் மே மாதத் தொடக்கத்தில் படகில் வந்து இறங்கிய இடம் எங்கள் கோடியக்கரை. அங்கிருந்து யார் எந்த வண்டியில் எங்கே போனார் என்று கேட்க வேண்டியது அரசின் கடமை. கேட்காமல் இருந்திருந்தால், இறந்த காவலர்களின் பிள்ளைகளுக்கு அந்த அரசு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? பயங்கரவாதத்தை எதிர்கொள்ளும் அரசின் செயல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் இருந்து தொடங்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கொல்லப்பட்டவர்களை ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டு, கைதானவர்களின் உரிமையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கடற்கரையின் நிலை விளங்கும். 1983 ஜூலைக்குப் பிறகு அதே கரையில் வந்து இறங்கிய இலங்கைத் தமிழ் இளைஞர்களுக்குச் சோறு போட்டது ஊர். அவர்களில் பலருக்கு ஆயுதப் பயிற்சி அளித்தது இந்திய அரசு. 1987 இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது, புலிகளோடு போர் மூண்டது, உறவு முறிந்தது. 1992 மே 14 அன்று விடுதலைப் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. பத்தாண்டுக்குள் அரசின் கணக்கில் விருந்தாளி கொலையாளியானார், விருந்தளித்தவர் சந்தேகத்துக்கு உரியவரானார். நிலை மாறியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த நாளில் இருந்து, எந்தச் செயல் குற்றம் என்று மக்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் மிகப் பழைய விதி. அந்த அறிவிப்பு எங்கள் ஊருக்கு ஜீப்பின் உருவத்தில்தான் வந்து சேர்ந்தது.

திருவாரூரில் வாழ்கிறவனுக்கு மனுநீதிச் சோழனை மறப்பது எளிதல்ல. கோயிலின் அருகில் கல்தேரும், தேர்க்காலில் கன்றும், நியாயம் கேட்ட பசுவும் நாள்தோறும் கண்ணில் படுகின்றன. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகன் மீதே தேரை ஓட்டினான் என்ற முடிவைத்தான் மேடைகளில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது, முடிவுக்கு முன்பு அரசன் பேசுவதாகச் சேக்கிழார் அமைத்திருக்கும் பேச்சு. உயிர்களைக் காக்கிற அரசன் ஐந்து பயங்களை நீக்க வேண்டும் என்று அவன் அமைச்சர்களிடம் சொல்கிறான். தன்னால் வரும் பயம், தன் ஆட்களால் வரும் பயம், பகைவரால் வரும் பயம், கள்வரால் வரும் பயம், பிற உயிர்களால் வரும் பயம். அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பகைவன் மூன்றாவதாகத்தான் வருகிறான். அரசனும் அரசனின் ஆட்களும் அவனுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

பயங்கரவாதம் என்ற சொல்லுக்குள் இருப்பதும் பயம்தான். பயத்தை உண்டாக்கி ஒரு சமூகத்தை வளைக்கப் பார்ப்பதே அந்தக் குற்றத்தின் சாரம். மூன்றாவது பயத்தைப் போக்குவதற்காக முதல் இரண்டு பயங்களையும் மக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் அரசு கேட்கும்போது, அது எந்த அளவு கேட்கலாம், எவ்வளவு காலத்துக்குக் கேட்கலாம், யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே நாம் பேச வேண்டிய அறமும் சட்டமும்.

எதை அந்தப் பெயரால் அழைப்பது என்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. 1968 டிசம்பர் 25 இரவில், எங்களுக்குப் பக்கத்தில் கீழ்வெண்மணியில், கூலி கேட்ட குற்றத்துக்காக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஒரு வட்டாரத்து விவசாயத் தொழிலாளர்கள் அனைவரையும் அச்சுறுத்தி அடக்குவதற்காகச் செய்யப்பட்ட கொலை அது. இன்றைய சட்டங்களின் இலக்கணத்தைப் பொருத்திப் பார்த்தால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து எந்த அரசு ஆவணமும் அதைப் பயங்கரவாதம் என்று சொன்னதில்லை. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்தவர்கள் தாமே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அத்தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. இதற்கு நேர் எதிராக, 2002 இல் திருமங்கலத்தில் ஒரு பொதுக்கூட்டப் பேச்சுக்காக வைகோ பொடா எனப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வேலூர்ச் சிறையில் இருந்தார். தடை செய்யப்பட்ட இயக்கத்தை ஆதரித்துப் பேசினார் என்பதே குற்றச்சாட்டு. பயங்கரவாதச் செயலுக்கு உதவும் அல்லது தூண்டும் எண்ணம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு அச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. அந்த ஒரு வரி விளக்கத்துக்காக எத்தனை பேர் எத்தனை மாதங்கள் உள்ளே காத்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாக்குமூலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் வரலாறு நம் மண்ணோடு சேர்ந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்ற விதியை 1861 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும் எழுதியது ஆங்கிலேய அரசு. இந்தியர் மீது கொண்ட அன்பினால் அவர்கள் அதை எழுதவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறது என்ற புகாரை விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, 1855 இல் அதன் அறிக்கை வெளிவந்தது. வரி பாக்கி வைத்த குடியானவர்களிடமும், திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டவர்களிடமும், விரல்களைக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி நிறுத்தும் அண்ணாந்தாளும் வழக்கமாகப் பயன்படுத்தப்பட்டன என்று அது பதிவு செய்தது. அந்தச் சொற்கள் தமிழ்ச் சொற்களாகவே அந்த ஆங்கில அறிக்கையில் இருக்கின்றன. அதிகாரம் தனியறையில் பெறும் சொல்லை நம்ப முடியாது என்பது வெளிநாட்டில் இருந்து வந்த கொள்கை அன்று. நம் முன்னோர்களின் விரல்கள் நெரிக்கப்பட்டதில் இருந்து கிடைத்த பாடம் அது.

அந்தப் பாடத்தை, பொடாவுக்கு முன்பு இருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா அழித்தது. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. 1994 இல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அதைச் செல்லும் என்றார்கள். இருவர் மறுத்தார்கள். பதவி உயர உயர வன்முறை குறையும் என்று பெரும்பான்மை நம்பியதை, அந்தத் தீர்ப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நான் வருத்தத்தோடு கடந்து போகிறேன்.

ராஜீவ் கொலை வழக்கில் அதன் விளைவைப் பார்த்தோம். 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒருவர்கூட மிச்சமில்லை. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் மரண தண்டனையை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, மற்ற 19 பேரையும் கொலைச் சதிக் குற்றத்தில் இருந்து விடுவித்து, சிலர் மீதிருந்த சிறு குற்றங்களுக்கு அவர்கள் சிறையில் கழித்த காலமே போதும் என்றது. தடா சட்டத்தின்கீழான பயங்கரவாதக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடா சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்ட வாக்குமூலங்கள் சாட்சியமாக நின்றன. சட்டத்தின் குற்றம் போய்விட்டது, அந்தச் சட்டம் கொடுத்த ஆயுதம் மட்டும் தங்கிவிட்டது. மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, ஓய்வுபெற்ற பின் 2013 இல் ஒன்றைச் சொன்னார். குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தபோது அவை எதற்காக என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதவில்லை என்பதே அது. எழுதப்படாத அந்த ஒரு வரியின் மேல் ஒரு தூக்குக்கயிறு இருந்தது. கருணை மனு பதினோரு ஆண்டுகள் கிடந்தது, 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டது, உயர் நீதிமன்றம் நிறுத்தியது, 2014 இல் தாமதத்தைக் காரணம் காட்டித் தண்டனை குறைக்கப்பட்டது, 2022 மே மாதம் அவர் வெளியே வந்தார். முப்பத்தோரு ஆண்டுகள். அந்த விடுதலையில் மனம் புண்பட்ட குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களின் வலியை மறுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கும் அரசு கடன்பட்டிருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் உண்மையைக் கண்டறிந்து கொடுக்கும் கடன் அது. தனியறை வாக்குமூலம் அந்தக் கடனையும் தீர்க்கவில்லை.

தடா 1995 இல் காலாவதியானது. பொடா 2004 இல் நீக்கப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ள உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் போலீஸிடம் தரும் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயம் இப்போது வேறு வடிவில் இருக்கிறது, காலத்தின் வடிவில். சாதாரண வழக்கில் மிஞ்சிப்போனால் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் பிணை கேட்கும் உரிமை உண்டு. இங்கே அது 180 நாள் வரை நீளலாம். 2008 இல் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட பிரிவின்படி, காவல்துறை தரும் தாள்களைப் பார்க்கும்போது குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மை என்று நம்ப இடமிருந்தால் பிணை கொடுக்கக் கூடாது. அந்தத் தாள்களைக் குறுக்கு விசாரணை செய்யும் நாள் வருவதற்குள் ஆண்டுகள் போய்விடுகின்றன. கொள்ளிடத்துக்கு வடக்கே விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடியினரிடையே பணியாற்றிய பாதிரியார் ஸ்டேன் சுவாமி அடிகளார் 2020 அக்டோபரில் இந்தச் சட்டத்தில் கைதானபோது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோயால் கோப்பையைப் பிடிக்க முடியாத அவர், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று பிணை கிடைக்காமலே இறந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் விசாரணை தொடங்கவே இல்லை. விசாரணை முடியும் வாய்ப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஒருவர் உள்ளே இருந்தால் இந்தச் சட்டத்தின் தடையையும் மீறி நீதிமன்றம் பிணை தரலாம் என்று அதே ஆண்டு பிப்ரவரியில் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் ஒரே வேகத்தில் போய்ச் சேரவில்லை.

சாதாரணச் சட்டத்தால் முடியாது என்று சொல்கிறவர்களிடம் நான் கோவையைக் காட்டுகிறேன். 1998 பிப்ரவரி 14 அன்று அங்கே தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அன்று தடாவும் இல்லை, பொடாவும் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழும் வெடிபொருள் சட்டத்தின்கீழும் நடந்த வழக்கில் 2007 இல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அதே தீர்ப்பில் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்த கேரள அரசியல்வாதி மதானி குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஆக, சாதாரணச் சட்டத்துக்குத் தண்டிக்கும் வலிமை இருந்தது. விரைவு மட்டும்தான் இல்லை. கூடுதல் அதிகாரம் கேட்கும்போதெல்லாம் கூடுதல் நீதிமன்றம், கூடுதல் தடயவியல் ஆய்வகம், கூடுதல் அரசு வழக்கறிஞர் என்று ஏன் கேட்பதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பணயக்கைதிகளின் நேரத்தில் அரசு எடுக்கும் முடிவுதான் எல்லாவற்றிலும் கடினமானது. 2000 ஜூலை 30 இரவு கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். அவன் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் காவிரியின் பெயர் முதலில் இருந்தது. எங்கள் நெல்லுக்கும் எங்கள் தாகத்துக்கும் அவனை யாரும் தூது அனுப்பவில்லை என்று அன்று ஆத்திரப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதே பட்டியலில், தனக்கு உதவியதாகத் தடா சட்டத்தில் கைதாகிக் கர்நாடகச் சிறைகளில் இருந்தவர்களை விடுவிக்க வேண்டும் என்றும் இருந்தது. இரு மாநில அரசுகளும் இறங்கி வந்து, தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெறச் சம்மதித்தன. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட ஒரு காவல் அதிகாரியின் தந்தை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசு சொல்லிவிட்டது என்பதற்காக அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெற முடியாது, அது பொது நலனுக்கு ஏற்றதா என்று அவரும் நீதிமன்றமும் சுயமாக ஆராய வேண்டும் என்று நவம்பரில் தீர்ப்பு வந்தது. கடத்தப்பட்டு 108 நாள் கழித்து ராஜ்குமார் உயிரோடு திரும்பினார்.

அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். மகனை இழந்த தந்தையின் பக்கம் நீதிமன்றம் நின்றது. ஆனால் அந்த நிகழ்ச்சியில் என்னை உறுத்துவது வேறொன்று. பல ஆண்டுகளாகப் பிணைகூட மறுக்கப்பட்டுச் சிறையில் கிடந்த மலைக்கிராமத்து மனிதர்கள் மீதான குற்றச்சாட்டை, ஒரு புகழ்பெற்றவரின் உயிருக்காகச் சில வாரங்களில் விட்டுவிட அரசால் முடிந்தது என்றால், அவர்களை உள்ளே வைத்திருக்க வேண்டிய அவசியம் அதற்கு முன் ஒருமுறையாவது எடைபோட்டுப் பார்க்கப்பட்டதா? 2001 இல் மைசூர் தடா நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். உரிய காலத்தில் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பிணையை, ஒரு கொள்ளைக்காரன் பேரம் பேசும் பொருளாக்கியது அரசின் தாமதம்தான்.

1999 டிசம்பர் இறுதியில் கடத்தப்பட்டு ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் நின்ற இந்திய விமானத்துக்காக, சிறையில் இருந்த மூன்று பேரை விடுவித்த முடிவை நான் குறை சொல்லத் துணியமாட்டேன். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பயணிகளின் வீட்டார் வாசலில் நின்றபோது வேறு முடிவு எடுத்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. விடுவிக்கப்பட்டவர்கள் பின்னர் என்ன செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2006 பிப்ரவரியில், கடத்தப்பட்ட விமானத்தை உள்ளே இருக்கும் பயணிகளோடு சேர்த்துச் சுட்டு வீழ்த்த அனுமதித்த சட்டப் பிரிவைச் செல்லாது என்றது. தரையில் இருப்பவர்களைக் காப்பதற்காகக்கூட, குற்றமற்ற பயணிகளை அரசு வெறும் பொருளாகக் கருத முடியாது என்பது அதன் காரணம். எத்தனை உயிர் என்ற எண்ணிக்கையால் மட்டும் தீராத கேள்விகள் உண்டு என்று ஒரு நாட்டின் உயர்ந்த மன்றம் எழுத்தில் ஒப்புக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் பயங்கரவாதச் செயல் என்ற குற்றம் பொதுவான தண்டனைச் சட்டத்துக்குள்ளேயே, பாரதிய நியாய சன்ஹிதாவின் 113 ஆம் பிரிவாக வந்துவிட்டது. ஒரு சம்பவத்தை அந்தப் பிரிவில் பதிவு செய்வதா, உபாவில் பதிவு செய்வதா என்பதைக் காவல் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி முடிவு செய்வார் என்று சட்டம் சொல்கிறது. எந்த அளவுகோலைக் கொண்டு என்று சொல்லவில்லை. எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்து ஒருவருடைய பிணை, காவல் நாட்கள், வழக்குத் தொடர முன் அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் மாறும். என்னிடம் பயிலும் இளம் வழக்கறிஞர் இதைப் படித்துவிட்டு, அந்த அதிகாரி தம் காரணத்தை எழுதி வைக்க வேண்டுமா என்று கேட்டார். எழுதி வைக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் நாம் வாதாட வேண்டும் என்று சொன்னேன். சட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

சித்தப்பா 2016 இல் காலமானார். காரியம் முடிந்து பழைய சாமான்களை ஒதுக்கும்போது, 1991 ஆடி மாதத்தில் தொடங்கிய ஒரு வாடகை நோட்டைச் சித்தி எடுத்துக் கொடுத்தார். ஜீப்பில் போன நோட்டு திரும்பி வராததால் அவர் புதிதாக வாங்கியது. அதன்பின் கடை பதினொரு ஆண்டுகள் நடந்தது. நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வண்டி எண் இருக்கிறது, எடுத்த நேரம் இருக்கிறது, விட்ட நேரம் இருக்கிறது. எடுத்தவர் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. "யார் எடுத்தாங்கன்னு எழுதாம சித்தப்பா எப்படி பாக்கியை வசூல் பண்ணினார், சித்தி?" என்று கேட்டேன்.

"வசூல் பண்ணலை, தம்பி. பேரு எழுதக் கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டாரு" என்றார் சித்தி.